சுண்ணாம்பா, மணலா, களிமண்ணா: இங்கிலாந்து வயல்வெளியில் இரண்டு நாள் சைக்கிள் மிதிக்க எந்தப் பாதை?

என் சித்தி மகன் லண்டனுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் ஆறு மாதம் வெளிநாடு போகிறார். அதுவரை வைத்துக்கொள் என்று தன் கிராவல் சைக்கிளை இவனிடம் விட்டுவிட்டார். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பாரும், மண்பாதைக்கு ஏற்ற கொஞ்சம் தடித்த டயரும் உள்ள வண்டி. அன்றைக்கே எனக்கு போன். "அண்ணா, அக்டோபர் கடைசி சனி ஞாயிறு ஃப்ரீயா இருக்கேன். தார் ரோடு வேண்டாம், வயல் நடுவுல போகணும், ரயில்ல போய் ரயில்லயே திரும்பணும். எங்க போறது?"

நான் ரெடிங்கில் இருக்கிறேன். ஏழெட்டு வருடமாக வார இறுதிகளில் இந்த மண்பாதைகளில் திரிகிறவன். ஜூன் மாதத்தில் கேட்டிருந்தால் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொல்லியிருப்பேன். அக்டோபர் கடைசி என்பதுதான் இடித்தது. அந்த ஞாயிறு விடிகாலையில்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். சனிக்கிழமை ஐந்தே முக்கால் வாக்கில் மறைந்த சூரியன் ஞாயிற்றுக்கிழமை நாலே முக்காலுக்கெல்லாம் போய்விடும். டயர் என்ன அளவு என்று கேட்டேன். 35 மி.மீ., உள்ளே சாதா டியூப். சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

போனில் படங்களைப் பார்த்தால் எல்லாப் பாதையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெள்ளையாக ஒரு வண்டிப்பாதை, இரண்டு பக்கமும் கோதுமை, தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம். எல்லாம் ஜூன், ஜூலையில் எடுத்த படங்கள். அதே பாதையில் மழைக்காலத்தில் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு நடந்திருக்கிறேன். அதனால் நான் முதலில் கேட்பது இரண்டே கேள்விதான்: பாதைக்கு அடியில் என்ன மண்? போவது எந்த மாதம்? காட்சி எப்படி, டீக்கடை உண்டா என்பதெல்லாம் அப்புறம்.

மிதிக்க உரிமை எங்கே உண்டு

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. வயல் நடுவே பாதை தெரிகிறது என்பதற்காக ஏறி மிதித்துவிட முடியாது. நிலம் விவசாயிக்குச் சொந்தம். அதன் வழியே கடந்துபோகும் உரிமை மட்டும் பொதுமக்களுக்கு. அந்த உரிமையிலும் நாலு தரம் வைத்திருக்கிறார்கள். மஞ்சள் அம்பு போட்ட ஃபுட்பாத் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு போட்ட பிரைடில்வே குதிரைப் பாதை. 1968-ல் வந்த நாட்டுப்புறச் சட்டம் இந்தக் குதிரைப் பாதைகளில் சைக்கிளையும் அனுமதித்தது, நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. மோட்டார் வண்டி நுழையக் கூடாத பைவே ஒரு வகை, அதற்குக் கத்தரிப்பூ நிற அம்பு. எல்லா வண்டிகளுக்கும் திறந்த பைவே இன்னொரு வகை, அதற்குச் சிவப்பு. மஞ்சளைத் தவிர மற்ற மூன்றும் நமக்கு. ஆரஞ்சு அட்டை போட்ட ஆர்டனன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் மேப்பில் பச்சைக் கோட்டைப் பார்க்க வேண்டும்: குட்டைத் துண்டுகளாக இருந்தால் ஃபுட்பாத், நீளத் துண்டுகளாக இருந்தால் பிரைடில்வே. பல சைக்கிள் ஆப்கள் இந்த வித்தியாசம் தெரியாமல் ஃபுட்பாத்தில் கொண்டுபோய் விடும். நம்பிப் போனால் வேலி தாண்டுகிற மரப்படியில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அக்டோபருக்கு இது இன்னும் முக்கியம். ஆகஸ்டில் கோதுமை அறுத்த வயலைச் செப்டம்பர், அக்டோபரில் உழுது குளிர்காலக் கோதுமை விதைக்கிறார்கள். வயலுக்குக் குறுக்கே போகும் பிரைடில்வேயையும் சேர்த்து உழ விவசாயிக்கு உரிமை உண்டு. உழுத 14 நாளைக்குள் அதைச் சமன்செய்து, 2 மீட்டர் அகலத்துக்காவது பாதை தெரியும்படி செய்துவிட வேண்டும் என்கிறது 1990-ஆம் வருடச் சட்டம். வேலியோரமாகப் போகும் பாதையை உழக் கூடாது. பைவேக்களையும் உழக் கூடாது. அந்த 14 நாளில் ஒரு நாள் நாம் போய்ச் சேர்ந்தால், அரை கிலோமீட்டர் புது உழவில் சைக்கிளைத் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. யார் மேலும் தப்பில்லை. ஆகவே இலையுதிர் காலத்தில் வயலுக்குக் குறுக்கே வெட்டும் துண்டுப் பாதைகளைக் கோத்து வழி போடுவதைவிட, இரண்டு பக்கமும் உயிர்வேலி வைத்த பழங்காலப் பாதை ஒன்றைப் பிடிப்பதுதான் உத்தமம். அப்படிப்பட்ட பாதைகளைத்தான் அவனுக்காக எடுத்து வைத்துப் பார்த்தேன்.

அடியில் இருக்கும் மண்

தென் இங்கிலாந்தின் மேட்டு நிலம் பெரும்பாலும் சீமைச் சுண்ணாம்பு. சின்ன வயதில் அந்தச் சொல்லைச் சொல்லும்போது எந்தச் சீமை என்று யோசித்ததில்லை. இங்கே வந்து ஒரு மேட்டின் வெட்டுமுகத்தைப் பார்த்தபோதுதான் இந்தச் சீமைதான் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன். தண்ணீரை உறிஞ்சிக் கீழே இறக்கிவிடும் பாறை என்பதால் சேறு தங்காது என்பார்கள். பாதிதான் உண்மை. காய்ந்தால் சிமெண்ட் தரை, நனைந்தால் சோப்பு. போதாததற்கு, மேட்டு உச்சிகளில் பல இடங்களில் சுண்ணாம்புக்கு மேலே களிமண்ணும் சிக்கிமுக்கிக் கல்லும் கலந்த ஒரு போர்வை கிடக்கிறது. சிக்கிமுக்கி உடைந்தால் பிளேடுதான். டயரின் பக்கவாட்டை ஒரே கீறலில் கிழித்துவிடும்.

மேடுகளுக்கு நடுவிலுள்ள தாழ்நிலமும், மிட்லண்ட்ஸ் எனப்படும் நடு இங்கிலாந்தின் பெரும்பகுதியும் களிமண். மழைக்கு மறுநாள் கரிசல் காட்டில் சைக்கிள் தள்ளியவர்களுக்கு இதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அப்பிக்கொண்டு, குச்சியால் நோண்டி நோண்டி எடுத்தாலும் பத்தடியில் மறுபடி நிற்கும். கிழக்கே நார்ஃபோக்கும் சஃபோக்கும் சேரும் இடத்தில் பிரெக்லண்ட் என்ற பகுதி மட்டும் மணல். அங்கே மழை பெய்த சுவடு சீக்கிரம் மறைந்துவிடும்.

ரிட்ஜ்வேயின் மேற்குப் பாதி

ஜூன் என்றால் சொல்லியிருப்பேன் என்றேனே, அந்தப் பெயர் இதுதான். ரிட்ஜ்வே மொத்தம் 139 கி.மீ. ஏவ்பரிக்குப் பக்கத்தில் ஓவர்டன் ஹில்லில் தொடங்கி ஐவிங்ஹோ பீக்கன் வரை போகிறது. 1973-ல் நேஷனல் டிரெயில், அதாவது அரசு அங்கீகரித்த நெடும்பாதை ஆக்கினார்கள், ஆனால் பாதைக்கு வயது ஆயிரக்கணக்கில். தேம்ஸ் நதியைக் கடந்து கிழக்கே போனால் பல இடங்களில் ஃபுட்பாத் ஆகிவிடுவதால் சைக்கிளுக்கு உதவாது. மேற்குப் பாதி, ஓவர்டன் ஹில்லிலிருந்து ஸ்ட்ரீட்லி வரை சுமார் 69 கி.மீ., பைவேயும் பிரைடில்வேயும்தான். தைரியமாகப் போகலாம்.

மேட்டின் முதுகிலேயே போகும் பாதை. ஒருமுறை ஏறிவிட்டால் நாள் முழுக்க வானத்துக்குப் பக்கத்தில் இருப்பது மாதிரி. ஒரு பக்கம் வயல்கள் அலையலையாக இறங்கிப் போகும், மறுபக்கம் சட்டென்று சரிந்து கீழே வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கு விரியும். லாம்பர்ன் பக்கம் பந்தயக் குதிரைகளைப் பழக்குகிறார்கள். காலை வேளையில் பாதையை ஒட்டிய புல்வெளியில் குதிரைகள் பாய்ந்து போவதைப் பார்த்தால் நாம் சைக்கிளில் போவது நகர்வதாகவே தோன்றாது. வழியில் இரும்புக்காலக் கோட்டைகள்: பார்பரி, லிடிங்டன், அஃபிங்டன். கோட்டை என்றால் சுவரைத் தேட வேண்டாம், புல் மூடிய மண்மேடும் அகழியும்தான். அஃபிங்டனில் மலைச்சரிவைச் சுரண்டி, சுண்ணாம்பை நிரப்பி வரைந்த வெள்ளைக் குதிரை ஒன்று 110 மீட்டர் நீளத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு வயது சுமார் 3,000. பக்கத்தில் போனால் குதிரை தெரியாது, வெள்ளைக் கோடுகள்தான் தெரியும். இத்தனை காலமாக ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் புல் களைந்து சுண்ணாம்பு இட்டு வந்திருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டு விட்டிருந்தாலும் புல் மூடியிருக்கும். எனக்கு அந்தக் குதிரையைவிட அந்த வேலைதான் பெரிதாகப் படுகிறது.

அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் மரங்களுக்கு நடுவே வேலண்ட்ஸ் ஸ்மிதி என்ற புதிய கற்காலக் கல்லறை. லாடம் கழன்ற குதிரையையும் ஒரு காசையும் இரவில் விட்டுவிட்டுப் போனால் காலையில் லாடம் அடித்து நிற்கும் என்பது கதை. பஞ்சரான சைக்கிளுக்கு இது பலிக்காது. நான் அங்கேயே உட்கார்ந்து ஒட்டியிருக்கிறேன்.

குறைகளுக்கு வருவோம். முதலாவது தண்ணீர். மேட்டின் மேல் ஊரே கிடையாது, ஊர்கள் எல்லாம் கீழே ஊற்றுக்கண் உள்ள இடங்களில். குழாய்கள் மிகக் குறைவு. இரண்டு பெரிய பாட்டில் இல்லாமல் போகக் கூடாது. இரண்டாவது தடம். டிராக்டரும் ஜீப்பும் ஈரத்தில் உழுதுவிட்டுப் போன தடம் காய்ந்தால் ஒரு முழ ஆழத்துக்குத் தண்டவாளம் மாதிரி நிற்கும். அதில் முன்சக்கரம் இறங்கிவிட்டால் திருப்ப முடியாது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை பல பகுதிகளில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை போடுகிறார்கள், ஆனால் விவசாயிகளின் வண்டிகள் போகத்தானே வேண்டும். ஒரு மார்ச் மாதம், மழை விட்ட மூன்றாம் நாள், சுண்ணாம்பு காய்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில் பார்பரி கோட்டையைத் தாண்டி இறங்கினேன். தடத்தில் வழுக்கி விழுந்து பின் கியரைத் தாங்கும் அலுமினியத் துண்டு வளைந்துவிட்டது. அப்புறம் ஒரே கியரில் ஸ்விண்டன் ஸ்டேஷன் வரை. அன்றைக்கு என் டயர் 42 மி.மீ. இவனுடையது 35.

ரயிலுக்குக் குறையில்லை. பியூசியில் இறங்கினால் ஓவர்டன் ஹில் ஒரு மணி நேர மிதிதான், முடிவில் கோரிங் அண்ட் ஸ்ட்ரீட்லி ஸ்டேஷன் தேம்ஸுக்கு அக்கரையிலேயே இருக்கிறது. தொடங்கும் முன் ஏவ்பரியில் நின்று போகலாம். ஊரைச் சுற்றிக் கல்வட்டம் அல்ல, கல்வட்டத்துக்குள்ளேயே ஊர், அதன் நடுவில் ஒரு பப்.

சவுத் டவுன்ஸ் வே

எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் இது. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கி.மீ. தொடக்கத்திலிருந்து கடைசி வரை சைக்கிளிலேயே போகலாம் என்பது பெரிய சௌகரியம். ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் நடப்பவர்களுக்கும் நமக்கும் வழி பிரியும். முக்கியமானது ஆல்ஃப்ரிஸ்டனில்: நடப்பவர்கள் செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைகளின் விளிம்பில் கடலைப் பார்த்துக்கொண்டு போவார்கள், நாம் ஜெவிங்டன் வழியாக உள்நாட்டுப் பக்கம். அந்தப் படத்துக்காகவே போகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

பிரச்சினை ஏற்றம். வரைபடத்தில் ஒரே மலைமுகடு போலத் தெரியும். ஆனால் அருன், அடுர், ஊஸ், கக்மியர் என்று நாலு ஆறுகள் அந்த மேட்டை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. ஒவ்வொரு ஆற்றுக்கும் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். மொத்தமாகக் கூட்டினால் 4,000 மீட்டரை நெருங்கும். பட்ஸர் ஹில் 270 மீட்டர், டிச்லிங் பீக்கன் 248 மீட்டர். தனித்தனியாகப் பார்த்தால் சாதாரண மேடுகள். அவை வரிசையாக, ஒன்று முடிந்ததும் ஒன்று, செங்குத்தாக வருவதுதான் ஆளைக் கொல்லும். நடுவே கேட்டுகள் வேறு. ஆடு மேய்கிற நிலம், நூறு அடிக்கு ஒன்றாக வருவது போலத் தோன்றும். ஒவ்வொன்றையும் திறந்து, கடந்து, மறுபடி சாத்த வேண்டும். சாத்தாமல் போனால் செம்மறிகள் அடுத்த வயலில் இருக்கும்.

இரண்டு நாளில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். கோடையில், 16 மணி நேர வெளிச்சத்தில், நல்ல தொடையோடு. முதல்முறை போகிறவனுக்கு அக்டோபர் கடைசியில் இது சரிவராது. பாதி மட்டும் போவதென்றால் ஆம்பர்லி ஸ்டேஷன் பாதையை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து கிழக்குப் பாதி நல்ல துண்டு. சவுதீஸிலும் ஒரு ஸ்டேஷன் உண்டு, முடியாவிட்டால் ரயிலேறிவிடலாம். குடிநீர்க் குழாய் விஷயத்தில் ரிட்ஜ்வேயைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் சிக்கிமுக்கிக் கல் இங்கே கொட்டிக் கிடக்கிறது. டியூப்லெஸ் டயரும் உள்ளே பால் மாதிரி ஊற்றும் சீலண்டும் இல்லாமல், 35 மி.மீ. டியூபோடு இறக்கத்தில் வேகமாக விட்டால் சக்கரம் பஞ்சராகாமல் ஈஸ்ட்போர்ன் சேருவது அதிர்ஷ்டம்.

ரிட்ஜ்வேயில் கிடைக்கும் அந்தத் தனிமையும் இங்கே இல்லை. வார இறுதியில் நாய், குழந்தை, குதிரை, நடப்பவர் குழு என்று கூட்டம் இருக்கும். பின்னாலிருந்து வரும்போது பெல் அடிப்பதைவிட "ஹலோ" என்று குரல் கொடுப்பது நல்லது. குதிரைக்கு மனிதக் குரல் தெரியும், சத்தமில்லாமல் வந்து நிற்கும் சைக்கிள்தான் மிரட்டும்.

பெடர்ஸ் வே

நார்ஃபோக் என்றதும் "அது தட்டையாச்சே" என்பார்கள். மாவட்டத்தின் உச்சியே 105 மீட்டருக்கு மேல் போகாது, உண்மைதான். ஆனால் தட்டு மாதிரியும் இல்லை. காசில் ஏக்கர் என்ற ஊரைத் தாண்டி வடக்கே போனால் நிலம் மெதுவாக மூச்சுவிடுவது போல ஏறி இறங்கும். ஃப்ரிங், செட்ஜ்ஃபோர்டு பக்கம் நின்று பார்த்தால் யாரும் தட்டை என்று சொல்லமாட்டார்கள்.

பாதை சஃபோக் எல்லையில் நெட்டிஷல் ஹீத்தில் தொடங்கி, கடற்கரையில் ஹோம் என்ற கிராமம் வரை 74 கி.மீ. கி.பி. 61 வாக்கில் பூடிக்கா அரசியின் கலகத்தை அடக்கிய பிறகு ரோமானியர்கள் போட்ட சாலை என்பது பொதுவான கருத்து. படை நடக்கப் போட்ட சாலைக்கு உரிய நேர்கோடு. வளைவே இல்லாமல் மணிக்கணக்காகப் போகும். சிலருக்கு இது சலிப்பு. எனக்கும் முதல் 10 கி.மீ. சலித்தது. அப்புறம் கண் வேறு விஷயங்களுக்குப் பழகிக்கொண்டது: வேலியின் உயரம் மாறுவது, மணல் நிறம் மாறுவது, வயலில் திரியும் பன்றிகளும் அவற்றின் தகரக் குடிசைகளும். தெற்குப் பகுதியில் பாதை ராணுவப் பயிற்சி நிலம் ஒன்றை ஒட்டிப் போகிறது. 1942-ல் அங்கிருந்த கிராமங்களைக் காலி செய்தார்கள், சனங்கள் திரும்பி வரவே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இன்றைக்கும் துப்பாக்கிச் சத்தம் கேட்கும்.

மணல் என்பதுதான் இங்கே விஷயம். முந்தின ராத்திரி கொட்டித் தீர்த்தாலும் மறுநாள் மிதிக்கலாம். அங்கங்கே புதைமணல் மாதிரி இளகிய இடம் வரும், 35 மி.மீ. டயர் தடுமாறும், இறங்கி இருபது அடி தள்ளினால் தீர்ந்தது. வடக்கே போகப் போக அடியில் சுண்ணாம்புதான், ஆனால் மேல்மண் இலகு. வேளாண்மைப் பாடத்தில் நார்ஃபோக் நான்கு பயிர்ச் சுழற்சி என்று படித்தவர்களுக்கு இந்த வயல்களைப் பார்க்க ஒரு சந்தோஷம் இருக்கும். கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் என்று மாற்றி மாற்றிப் போட்டு, நிலத்தைத் தரிசாக விடாமலே வளத்தைக் காத்த முறை. சத்து நிற்காத இந்த இலகு மண்ணில் டர்னிப்பைத் தின்ன ஆடுகளை வயலிலேயே அடைத்துப் போட்டார்கள், நம் ஊர் ஆட்டுக்கிடை மாதிரி. இப்போது டர்னிப் இடத்தில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு. அக்டோபரில் அதன் அறுவடை நடக்கும். கிழங்கு ஏற்றிய டிராக்டர்கள் குறுக்கே போகும் ரோடுகளில் மண்ணை இறைத்துவிட்டுப் போகும், அங்கே மட்டும் பிரேக் கவனம். ஃபெஸண்ட் பறவை வேட்டைக் காலமும் அக்டோபர் 1-ல் தொடங்கிவிடும். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், பாதையை விட்டு இறங்காமல் இருந்தால் போதும். வெடியைவிட அந்தப் பறவைகள்தான் ஆபத்து, மூளையே இல்லாமல் சக்கரத்துக்கு முன்னால் ஓடும்.

முழுக்க சைக்கிள் பாதை இல்லை. சில துண்டுகள் ஃபுட்பாத், குறிப்பாகத் தெற்குக் கோடியில். அங்கே பக்கத்து ரோட்டில் சுற்றிக்கொள்ள வேண்டும், ரோட்டில் வண்டியும் குறைவு. ரயில் கணக்கு மட்டும் கொஞ்சம் இழுக்கும். தெட்ஃபோர்டில் இறங்கி சுமார் 10 கி.மீ. மிதித்தால் தொடக்கம். கடைசியில் ஹோமிலிருந்து ரயிலுக்கு கிங்ஸ் லின் வரை வர வேண்டும். பக்கத்து ஊர் ஹன்ஸ்டன்டனுக்கு ஓடிய ரயில் 1969-லேயே நின்றுவிட்டது. ஆக இரண்டு நாளில் மொத்தம் 110, 115 கி.மீ. நடுவில் காசில் ஏக்கரில் தங்கல், அங்கே நார்மன் கோட்டையும் இடிந்த மடாலயமும் பாதையோரமாகவே இருக்கின்றன.

மீதி இரண்டு

அரை நாள்தான் இருக்கிறது என்றால் ஃபாஸ் வே. எக்ஸிட்டரிலிருந்து லிங்கன் வரை ரோமானியர் போட்ட சாலை. பெரும்பகுதி இன்று தார் ரோடாகிவிட்டது. கெம்பிள் ஸ்டேஷனுக்குத் தெற்கே ஒரு நீண்ட துண்டு மட்டும் பைவேயாகவே இருக்கிறது. ஈஸ்டன் கிரேயில் ஏவன் ஆற்றைக் கடந்து, எம்4 நெடுஞ்சாலையைத் தாண்டி, சிப்பன்ஹாமில் ரயிலேறலாம். சுண்ணாம்புக்கல் பூமி, நன்றாக இருக்கும். ஆனால் குளம் மாதிரி தேங்கிய குழிகள் உண்டு, ஆழம் தெரியாமல் சக்கரத்தை விடக் கூடாது. இரண்டு நாளுக்கு இது போதாது. காட்ஸ்வோல்ட் வேயைப் பெயரைப் பார்த்து யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம், அது பெரும்பாலும் ஃபுட்பாத்.

மழை விடவே இல்லை என்றால் பிராம்ப்டன் வேலி வே. நார்தாம்ப்டனுக்கும் மார்க்கெட் ஹார்பராவுக்கும் நடுவே 1981-ல் மூடிய ரயில் பாதையில் பொடிக்கல் போட்டு 23 கி.மீ. பாதையாக்கியிருக்கிறார்கள். இரண்டு முனையிலும் லண்டன் ரயில் உண்டு. கெல்மார்ஷ், ஆக்ஸென்டன் என்று இரண்டு சுரங்கங்கள், உள்ளே விளக்கு கிடையாது. பாதையை விட்டு வெளியே கால் வைத்தால் களிமண், அதனால் உள்ளேயே இருக்க வேண்டும். ஆனால் இந்த ஊர்ப் புல்வெளிகளில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது புல்லுக்கு அடியில் வரிவரியாக மேடும் பள்ளமும் எழுந்து வரும். இடைக்காலத்தில் எருதுகள் பூட்டி உழுத உழவுசால்கள் அவை. பல ஜோடி மாடுகள் பூட்டிய நீள ஏரைக் கோடியில் திருப்ப இடம் வேண்டுமே, அதனால் ஒவ்வொரு வரியும் லேசாக வளைந்திருக்கும். பிறகு வயலை ஆட்டு மேய்ச்சலுக்கு விட்டுவிட்டார்கள், புல் அப்படியே மூடிக் காப்பாற்றிவிட்டது. அக்டோபர் வெயிலில்தான் அது நன்றாகத் தெரியும்.

அவனுக்கு என்ன சொன்னேன்

மே கடைசியோ ஜூனோ, ஒரு வாரம் மழையில்லாமல் இருந்தால், ரிட்ஜ்வே. அதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது. 45 மி.மீ. டியூப்லெஸ் டயர், கையில் மூன்று நாள், கோடை வெளிச்சம் இருந்தால் சவுத் டவுன்ஸ். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்பட்டால் 'சைக்கிளிங் யூகே' அமைப்பு 2020-ல் அறிமுகப்படுத்திய கிங் ஆல்ஃபிரட்ஸ் வே இருக்கிறது, வின்செஸ்டரில் தொடங்கி அங்கேயே முடியும் 350 கி.மீ. சுற்று. அதற்கு ஒரு வார லீவு வேண்டும்.

அக்டோபர் கடைசி, 35 மி.மீ. டியூப், முதல்முறை, நாலே முக்காலுக்கு இருட்டு. அதற்கு பெடர்ஸ் வே. சனிக்கிழமை தெட்ஃபோர்டிலிருந்து காசில் ஏக்கர், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பிக் கடல் பார்த்துவிட்டு கிங்ஸ் லின். கடிகாரம் பின்னால் போவதால் காலையில் ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கும், அதைத் தூக்கத்தில் விடாதே என்றும் சொன்னேன். நேரம் மிஞ்சினால் ஹன்ஸ்டன்டனில் சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட கடல்பாறையைப் பார்த்துவிட்டு வரலாம்.

"மேடே இல்லாத ஊருக்கா போகச் சொல்றீங்க?" என்றான்.

"ஃப்ரிங் தாண்டினதும் போன் பண்ணு, அப்ப பேசிக்கலாம்" என்றேன்.

இரண்டு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொன்னேன். டென்ட் யோசனை வேண்டாம். டார்ட்மூரின் சில பகுதிகளைத் தவிர இங்கிலாந்தில் நிலச் சொந்தக்காரர் அனுமதியில்லாமல் கூடாரம் போட முடியாது, அக்டோபர் ராத்திரிக்கு அது சுகமும் இல்லை. ரூம் போட்டுக்கொள். இன்னொன்று, வெள்ளிக்கிழமை ரயில் டைம்டேபிளை மறுபடி பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை என்று ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், அந்த பஸ்ஸில் பொதுவாக மடிக்காத சைக்கிளை ஏற்ற மாட்டார்கள். ஒருமுறை நான் அப்படி மாட்டி, நனைந்த சாக்ஸோடு அடுத்த ஸ்டேஷனுக்கு 22 கி.மீ. தார் ரோட்டில் மிதித்தேன்.

டிக்கெட் போட்டுவிட்டதாக நேற்று மெசேஜ் வந்தது. கூடவே ஒரு கேள்வி: ஞாயிறு காலை காசில் ஏக்கரில் டிபன் கிடைக்குமா? தங்குகிற இடத்திலேயே பேசி வைத்துக்கொள் என்று பதில் போட்டேன். முன் லைட்டும் பின் லைட்டும் சார்ஜ் போட்டானா என்று வெள்ளிக்கிழமை ராத்திரி கேட்க வேண்டும்.